கழிக்கரையில் ஒரு நடைவழி

நுழையும்முன்

நீர்நிலையின் ஓரமாக மரநிழலில் நடப்பதை எல்லா நாட்டு மக்களும் விரும்புகின்றனர். அந்தமான் தீவுகளிலும் அத்தகைய வழி ஒன்று உண்டு. அவ்வழியில் நிற்கும் மரங்கள் எவை, உப்புநீரில் அவை எவ்வாறு உயிர் வாழ்கின்றன, கரையில் குடியிருக்கும் மக்களுக்கு அவை ஏன் இன்றியமையாதவை என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நீரோரம் நடத்தல்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரம் கியோட்டோ. அந்நகரின் கிழக்குப் பகுதியில், மலையடிவாரத்தில் ஒரு சிறு கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்திற்குக் கல் பாவிய நடைவழி அமைந்துள்ளது. அதற்குத் ‘தத்துவ வழி’ என்று பெயர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய நிஷிதா கித்தாரோ என்னும் தத்துவ அறிஞர் அவ்வழியே சிந்தித்தவாறு நடப்பது வழக்கம். அதனால் அப்பெயர் ஏற்பட்டது. வழியின் ஓரத்தில் செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவை பூத்துக் குலுங்கும். உதிர்ந்த இதழ்கள் நீரில் மிதந்து செல்லும். அக்காட்சியைக் காண்பதற்கென்றே பல நாடுகளிலிருந்து மக்கள் வருகின்றனர்.

அக்கால்வாய் மனிதர் வெட்டியது. அம்மரங்கள் மனிதர் நட்டவை. அந்தமானில் உள்ள நடைவழியோ வேறு வகையானது. அங்கே நீரைக் கொண்டுவருவது கடல். மரங்களை நட்டது ஓதம். மனிதர் அமைத்தது, நடப்பதற்கான பலகைப் பாதை ஒன்றை மட்டுமே.

ஆறும் கழியும்

தமிழ்நாட்டிலிருந்து அந்தமானுக்கு வந்து குடியேறிய குடும்பங்களில், காவிரி, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகளின் பெயர்களைப் பெரியோர் சொல்லக் குழந்தைகள் கேட்டிருப்பர். அத்தகைய நீண்ட ஆறுகள் அந்தமானில் இல்லை. தீவுகள் குறுகலானவை, மலைகளும் கடலுக்கு அருகிலேயே உள்ளன. மலையில் பெய்யும் மழைநீர் சிறிது தொலைவு ஓடியதும் கடலை அடைந்துவிடுகிறது. வடக்கு அந்தமானில் 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்தின் பகுதியில் தோன்றி ஓடும் கல்பாங் ஆறு, இத்தீவுகளின் குறிப்பிடத்தக்க ஆறுகளுள் ஒன்றாகும். அதன் நீரைக் கொண்டு 5.25 மெகாவாட் திறனுள்ள புனல்மின் நிலையம் ஒன்று இயங்குகிறது. தெற்கே, பெரிய நிக்கோபாரில் கலத்தியா முதலிய சில ஆறுகள் உள்ளன.

ஆறுகள் குறைவாக இருப்பினும் கழிகள் மிகுதி. கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து வளைந்து நெளிந்து செல்லும் நீர்வழியே கழி எனப்படும். உப்புநீர் நிறைந்திருப்பதால் அதனை உப்பங்கழி என்றும் கூறுவர். ஆற்றுநீர் எப்போதும் ஒரே திசையில் ஓடும். கழியின் நீரோ நாள்தோறும் திசை மாறும். கடல் ஏறும்போது நீர் உள்நோக்கி வரும்; கடல் வற்றும்போது வெளிநோக்கிச் செல்லும். இவ்வாறு கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்பர். அந்தமானில் நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி, இருமுறை வற்றுகிறது. வெள்ளுவா எனப்படும் முழுநிலா நாளிலும், காருவா எனப்படும் மறைநிலா நாளிலும் இவ்வேற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். அந்நாள்களில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் வரை வேறுபடும்.

தானிநல்லா

நடு அந்தமானில் உள்ள ஊர் ரங்கத். அங்கிருந்து மாயாபந்தர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் தானிநல்லா என்னும் இடம் இருக்கிறது. சாலையோரத்திலேயே அலையாத்திக் காடு தொடங்குகிறது. அக்காட்டின் நடுவே, கழியின் ஓரமாக, வனத்துறை மரப்பலகைகளால் ஒரு நடைவழி அமைத்துள்ளது. அதன் நீளம் 700 மீட்டருக்கும் சற்று மிகுதி. சேற்றில் ஊன்றிய கால்களின்மேல் பலகைகளைப் பரப்பி, இருபுறமும் கைப்பிடி அமைத்துள்ளனர். வழிநெடுக மரங்களின் பெயர்களையும் இயல்புகளையும் கூறும் பலகைகள் உள்ளன. நடைவழி காட்டைக் கடந்து கடற்கரையில் முடிகிறது.

இவ்வூர்ப் பெயர் தமிழ்க் குழந்தைகளுக்குச் சிறிது வியப்பைத் தரக்கூடும். இதில் வரும் ‘நல்லா’ என்பது, பேச்சுத் தமிழில் நன்றாக என்னும் பொருளில் வழங்கும் சொல் அன்று. ஓடை என்னும் பொருளுடைய இந்திச் சொல் அது. ‘தானி’ என்பது நீப்பா பனையைக் குறிக்கும் சொல். பர்மிய மொழியிலும் அம்மரத்திற்கு இதுவே பெயர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், 1925ஆம் ஆண்டு முதல் பர்மாவிலிருந்து கரேன் இன மக்கள் அழைத்து வரப்பட்டு, மாயாபந்தர்ப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். நீப்பா பனையின் ஓலையால் கூரை வேயும் வழக்கம் இத்தீவுகளில் உண்டு. எனவே, ‘நீப்பா பனை நிற்கும் ஓடை’ என்று இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஒரே பெயரில் இரண்டு மொழிகள் கைகோத்து நிற்கின்றன. தமிழரும், வங்காளியரும், தெலுங்கரும், மலையாளிகளும், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோரும், கரேன் மக்களும் சேர்ந்து வாழும் தீவில் இது இயல்பானதே.

நீப்பா பனை மற்றப் பனைகளைப் போன்றது அன்று. அதன் தண்டு சேற்றுக்குள் படுத்த நிலையில் வளரும். வெளியே தெரிவன நீண்ட ஓலைகளே. அதன் காய்கள் ஒன்றோடொன்று நெருங்கி, பழுப்பு நிறப் பந்துபோல் திரண்டிருக்கும். காய்கள் முற்றியதும் தனித்தனியே பிரிந்து நீரில் மிதந்து சென்று வேறிடத்தில் முளைக்கும்.

வேர்களின் வேலை

தானிநல்லாவில் நடப்போரின் கண்ணை முதலில் கவர்வன மலர்கள் அல்ல, வேர்களே. மற்ற மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் மறைந்திருக்கும். இங்குள்ள மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே பலவகை வடிவங்களில் காட்சி தருகின்றன. இதற்குக் காரணம் உண்டு.

வேர்களுக்கும் காற்று வேண்டும், அவையும் சுவாசிக்கின்றன. தோட்டத்து மண்ணில் துகள்களுக்கிடையே காற்று தங்கியிருக்கும். கழியின் சேறோ எப்போதும் நீரில் ஊறிக் கிடப்பது. அதில் காற்று மிகக் குறைவு. ஆகவே, காற்றைப் பெறுவதற்காக இம்மரங்களின் வேர்கள் சேற்றுக்கு மேலே வருகின்றன.

கண்டல் மரத்தின் நடுத்தண்டிலிருந்தும் கிளைகளிலிருந்தும் வளைந்த வேர்கள் இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். இவற்றை முட்டுவேர்கள் என்பர். பல கால்களால் தாங்கப்பட்ட பந்தல்போல் மரம் நிற்பதால், அலை மோதினாலும் எளிதில் சாய்வதில்லை. வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றுக்கு அடியில் கிடையாகப் பரவி, ஆங்காங்கே எழுதுகோல் போன்ற குச்சிகளை மேல்நோக்கி அனுப்புகின்றன. இவை சுவாசவேர்கள். ஒரே மரத்தைச் சுற்றி இத்தகைய ஆயிரக்கணக்கான குச்சிகளைக் காணலாம். வேறு சில மரங்களின் வேர்கள், மடக்கிய முழங்கால்போல் மேலே வளைந்து மீண்டும் சேற்றுக்குள் செல்கின்றன. இன்னும் சில மரங்களின் அடியில் வேர்கள் பலகைபோல் தட்டையாக நீண்டிருக்கின்றன. வேர்களின் மேற்பரப்பில் உள்ள நுண்துளைகள், ஓதம் வற்றிய வேளையில் காற்றை உள்ளிழுக்கின்றன.

காற்றைப் போலவே உப்பும் ஒரு சிக்கல். கடல்நீரை ஊற்றினால் வாழையும் கத்தரியும் வாடிவிடும். அலையாத்தி மரங்களோ அதே நீரில் தழைக்கின்றன. கண்டல் மரத்தின் வேர், நீரை உறிஞ்சும்போதே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் வேறு முறையைக் கையாள்கிறது. உள்ளே வந்த உப்பை அது இலைகளில் உள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை உற்று நோக்கினால் சிறு உப்புத்துகள்கள் மின்னுவதைக் காணலாம்.

பலகைப் பாதையின் தேவையும் இப்போது விளங்கும். சேற்றில் இறங்கி நடந்தால் கால்கள் சுவாசவேர்களை முறிக்கும். மிதிபட்ட சேறு இறுகும். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் மிதித்தால் மரங்கள் மூச்சுத் திணறி மடியும். நடப்பவர் காட்டைக் காணவும் காடு நடப்பவரால் கெடாதிருக்கவும் இப்பாதை உதவுகிறது.

கனியிலேயே முளைக்கும் விதை

பெரும்பாலான செடிகளின் விதை மண்ணில் விழுந்த பின்னரே முளைக்கும். ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் விழும் விதை, வேர்விடுவதற்குள் அடித்துச் செல்லப்படும். ஆதலால் கண்டல் மரம் வேறொரு வழியைக் கைக்கொண்டுள்ளது. அதன் விதை, கனி மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது. முளை முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். சில வகைகளில் அரை மீட்டருக்கும் மேல் வளரும். முற்றியதும் அது கீழே விழுகிறது. ஓதம் வற்றியிருந்தால், கூரிய முனை சேற்றில் குத்தி நின்று, விரைவில் வேர் விடுகிறது. நீர் நிறைந்திருந்தால் மிதந்து செல்கிறது. பல வாரங்கள் மிதந்த பின்னும் உயிரோடிருந்து, தக்க சேற்றை அடைந்ததும் வேரூன்றுகிறது. இம்மரங்களை ஓதம் நட்டது என்று கூறுவதன் பொருள் இதுவே.

தமிழ் அறிந்த மரங்கள்

அந்தமானின் மரங்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழர், கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நிலத்தை நெய்தல் என்றனர். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கழியையும், கழிக்கரையில் நின்ற கண்டல், தாழை, புன்னை ஆகியவற்றையும் பாடியுள்ளனர். கடற்கரைச் சிற்றூர்களுக்குக் கண்டல் மரங்களே வேலியாக அமைந்திருந்தன என்னும் குறிப்பும் அப்பாடல்களில் உண்டு.

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் வந்ததற்குக் காரணமான தில்லை மரமும் அலையாத்தி வகையைச் சேர்ந்ததே. அம்மரம் அந்தமான் கழிகளின் ஓரத்திலும் வளர்கிறது. அதன் கிளையை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். ஆதலால் அதனைத் தொடாமல் காண்பதே நன்று. சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள பிச்சாவரத்தில், அலையாத்திக் காட்டின் நடுவே படகில் செல்லலாம். அங்குள்ள மக்கள் கண்டல் வகை மரத்தைச் சுரபுன்னை என்று அழைக்கின்றனர்.

அலையாத்தி என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. அலையை ஆற்றுவது, அதாவது அலையின் வேகத்தைத் தணிப்பது என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது எனக் கூறுவர். மரத்தின் தோற்றத்தைச் சொல்லாமல், அது செய்யும் தொழிலைச் சொல்லும் பெயர் அது.

சேற்றில் வாழும் உயிர்கள்

ஓதம் வற்றிய வேளையில் பலகைப் பாதையில் சிறிது நேரம் அசையாமல் நின்றால், சேறு உயிர்பெற்று நகர்வதுபோல் தோன்றும். சிறு நண்டுகள் வளையிலிருந்து வெளிவரும். அவற்றுள் ஒருவகை ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரியதாக இருக்கும். அது அக்கொடுக்கை உயர்த்தி அசைத்து மற்ற நண்டுகளுக்குக் குறிப்புக் காட்டும். சேற்றின்மேல் துள்ளிச் செல்லும் மீன்களையும் காணலாம். அவை நீருக்கு வெளியிலும் நெடுநேரம் உயிரோடிருக்கும்; முன்துடுப்புகளைக் கைபோல் ஊன்றி நகரும். கிளைகளில் மீன்கொத்திகள் அமர்ந்து நீரை நோக்கியிருக்கும்.

உதிரும் இலைகளே இவ்வுயிர்கள் அனைத்திற்கும் முதல் உணவு. நண்டுகள் இலைகளைத் துணித்துத் தின்கின்றன. எஞ்சியவை மட்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவற்றை இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் உண்கின்றன. பெரிய மீன்கள் நுழைய இயலாத வேர்ப் பின்னலுக்குள் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. கொடுவா, மடவை, இறால், கழிநண்டு எனச் சந்தையில் விற்கப்படுவனவற்றுள் பல, தம் வாழ்நாளில் ஒரு பகுதியையேனும் இத்தகைய கழிகளில் கழித்தவையே. கழிக்கரை மரங்கள் அழிந்தால் மீனவரின் வலையும் வெறுமையாகும்.

நடைவழி முடியும் கடற்கரையும் சிறப்புடையது. குளிர்காலத்தில் பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. தமிழ்நாட்டு மீனவர் பங்குனி ஆமை என்றழைக்கும் சிற்றாமை அவற்றுள் ஒன்று. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணற்பரப்பில் பாதுகாத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகின்றனர்.

நிலம் அசைந்த நாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சுமத்திரா தீவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.1 எனக் கணிக்கப்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை, நிக்கோபார் தீவுகளையும் அந்தமானின் பல கரைகளையும் தமிழ்நாட்டுக் கடற்கரையையும் தாக்கியது. பல்லாயிரவர் உயிரிழந்தனர். கச்சால் தீவு பேரிழப்புக்கு உள்ளானது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது.

அலை வந்து சென்றது. நிலத்தில் ஏற்பட்ட மாற்றமோ நிலைத்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் 1 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. போர்ட் பிளேர்ப் பகுதியில் நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. நிலத்தில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல்நீர் சூழ்ந்தது.

இம்மாற்றம் அலையாத்தி மரங்களை இருவகையாகப் பாதித்தது. நிலம் உயர்ந்த இடங்களில் ஓதம் மரங்களை எட்டவில்லை. சேறு உலர்ந்து வெடித்தது. மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. நிலம் தாழ்ந்த இடங்களில் சுவாசவேர்கள் எப்போதும் நீருக்குள் மூழ்கிக் கிடந்தன. தாழ் ஓதத்திலும் அவை காற்றைப் பெற முடியவில்லை. அங்கும் மரங்கள் மடிந்தன. நிக்கோபார் தீவுகளில் அலையாத்திக் காட்டின் பெரும்பகுதி இவ்வாறு அழிந்தது. நீர் மிகினும் கேடு, குறையினும் கேடு. ஓதம் வந்து போகும் இடைப்பட்ட ஒரு சிறு பட்டையிலேதான் இம்மரங்கள் வாழ முடியும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

வேறொன்றையும் அது காட்டியது. போர்ட் பிளேருக்கு அருகில் உள்ள சிப்பிகாட் பகுதியில் நெல்வயல்கள் இருந்தன. நிலம் தாழ்ந்ததால் அவ்வயல்களில் கடல்நீர் புகுந்து நிலையாகத் தங்கியது. உழவர்கள் தம் நிலத்தை இழந்தனர். ஆனால் ஓதம் அங்கே புதிய விதைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. அலையாத்திக் கன்றுகள் முளைத்தன, நீர்ப்பறவைகள் வந்தன. கடல் ஓரிடத்தில் அழித்த காட்டை மற்றோரிடத்தில் தொடங்கி வைத்தது.

ஆழிப்பேரலையின்போது கரையோர மரங்கள் எந்த அளவு பாதுகாப்பு அளித்தன என்பதையும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். கடலூர் மாவட்டக் கடற்கரையைப் பற்றி 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில், மரமற்ற இடங்களைவிடச் சேதம் குறைவு என்று அது தெரிவித்தது. எனினும் மரங்கள் எந்த அலையையும் தடுத்துவிடும் என்று நம்பிவிடலாகாது. அலை மிக உயர்ந்தால் மரங்களும் சாயும். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும் முக்கியம். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ உடனே மேட்டுநிலத்திற்குச் செல்வதே உயிர் காக்கும் வழி. அலையாத்தி மரங்கள் நாள்தோறும் வரும் அலைகளிலிருந்தும் புயற்காற்றிலிருந்தும் கரையைக் காத்து நிற்பவை. பேரலையின் வேகத்தை ஓரளவு தணிப்பவை.

காப்பவற்றைக் காத்தல்

இந்தியாவில் அலையாத்திக் காடுகள் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ளன. மேற்கு வங்காளமும் குஜராத்தும் முதல் இரண்டு இடங்களைப் பெறுகின்றன. மூன்றாவது இடத்தில் இருப்பது, 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டைக் கொண்ட அந்தமான் நிக்கோபார் தீவுகள். நிலப்பரப்பில் இத்தீவுகள் மிகச் சிறியவை என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும்.

முற்காலத்தில் இம்மரங்கள் விறகுக்காகவும் கம்புகளுக்காகவும் வெட்டப்பட்டன. சதுப்புநிலம் பயனற்றது என்று கருதி, பல இடங்களில் மண்ணிட்டு நிரப்பினர். இன்று கடலோர ஒழுங்குமுறை விதிகள் அலையாத்திக் காடுகளுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை வழங்குகின்றன. ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் உலக அலையாத்திக் காடுகள் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. எனினும் விதிகள் மட்டும் போதா. ஒரு நெகிழித்தாள் சுவாசவேர்களின்மேல் படிந்தால், அவ்விடத்தில் வேர்கள் காற்றைப் பெற முடியாது. அதனை அகற்றச் சட்டம் வருவதில்லை. நடப்பவரின் கையே வர வேண்டும்.

தானிநல்லாவுக்குச் செல்வோர் ஓத நேரத்தை முன்பே கேட்டறிந்து செல்வது நன்று. தாழ் ஓதத்தில் வேர்களையும் நண்டுகளையும் காணலாம். உயர் ஓதத்தில் நீரில் படியும் மரநிழலைக் காணலாம். பலகைப் பாதையைவிட்டு இறங்குதல் கூடாது. அது மரங்களின் நன்மைக்காக மட்டும் அன்று. அந்தமான் கழிகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரருகே செல்லவே கூடாது. உரத்த குரலில் பேசாமல் நடப்போருக்குப் பறவைகள் மிகுதியாகக் காட்சி தரும்.

கியோட்டோவின் செர்ரி மரங்கள் ஆண்டில் சில நாள்களே பூத்து மக்களை மகிழ்விக்கின்றன. கழிக்கரை மரங்களில் அத்தகைய பூக்காட்சி இல்லை. அவை ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று, அலையைத் தணித்து, மீனை வளர்த்து, மண்ணைப் பிடித்து வைக்கின்றன. அவற்றின் நிழலில் நடப்பவர், தம் ஊரின் வேலியை உள்ளிருந்து காண்கிறார்.

சொற்பொருள்

கழி – கடல்நீர் நிலத்துள் புகுந்து செல்லும் நீர்வழி
ஓதம் – கடல்நீர் ஏறி இறங்குதல்
வெள்ளுவா – முழுநிலா நாள்
காருவா – மறைநிலா நாள்
வேய்தல் – ஓலை முதலியவற்றால் கூரை அமைத்தல்
துணித்து – துண்டாக்கி
ஆழிப்பேரலை – சுனாமி
பட்டுப்போதல் – மரம் உயிரற்று உலர்தல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. அந்தமானில் நாளொன்றுக்கு ______ முறை ஓதம் ஏறுகிறது.
2. ‘நல்லா’ என்னும் இந்திச் சொல்லின் பொருள் ______.
3. வெண்கண்டல் உப்பை ______ வழியே வெளியேற்றுகிறது.

ஆ. பிரித்து எழுதுக.
நீரோரம், உப்பங்கழி, மரநிழல், பேரலை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆற்றுநீருக்கும் கழிநீருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கண்டல் மரத்தின் விதை கனியிலேயே முளைப்பது ஏன்?
3. தில்லை மரத்தைத் தொடக்கூடாது என்பது எதனால்?

ஈ. விரிவான விடை எழுதுக.
1. 2004ஆம் ஆண்டில் நிலம் உயர்ந்த இடத்திலும் தாழ்ந்த இடத்திலும் அலையாத்தி மரங்கள் மடிந்தன. இரண்டிற்கும் உரிய காரணங்களை விளக்குக.
2. அலையாத்திக் காட்டிற்கும் மீனவர் வாழ்விற்கும் உள்ள தொடர்பை எழுதுக.

உ. செயல்பாடு
உன் பாட்டி, தாத்தா அல்லது பெற்றோரிடம் அவர்தம் சொந்த ஊரின் நீர்நிலையைப் பற்றிக் கேட்டு அறிக. அதன் கரையில் நின்ற மரங்கள், அந்நீரில் கிடைத்த மீன்கள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிடுக. அவற்றுள் எவை அந்தமானிலும் உள்ளன எனக் கண்டறிந்து, வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுக.